அரைநாள் சித்திரம்

வர்ணமே ஜீவனோபாயமாக விளங்கும் திருப்பூரில், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வர்ணம் தீட்டக் கற்றுத்தரும் ஆசிரியர் பல இடங்களில் வாரத்துக்கு மூன்று அரைநாள் மட்டுமே வருகிறார் என்பது என் மனத்தை நெடுநாளாக வருத்திவரும் விஷயம். 2012-ஆம் ஆண்டில் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றைப் போதிக்க 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் பகுதிநேர ஆசிரியர்களாக நியமித்தது. பத்தாண்டுகளுக்கு மேலாகியும், ஊதியம் உயர்ந்ததேயன்றி, 'பகுதிநேரம்' என்ற அடைமொழி அவர்களை விட்டு நீங்கவில்லை.

அண்மையில் நொய்யற்கரையை அடுத்த ஒரு பள்ளியில், அத்தகைய ஆசிரியர் ஒருவர் மேஜைமீது ஒரு கத்தரிக்காயை வைத்து, பிள்ளைகள் சூழ்ந்து நிற்க, கலர் பென்சிலால் அதை வரைந்து காட்டியதைக் கண்டேன். பென்சிலின் பின்முனையருகே தளர்வாகப் பிடித்து, முதலில் இளஞ்சிவப்பை மெல்லப் பரப்பி, அதன் குறுக்கே நீலக் கோடுகளை ஓட்டி, நிழல் விழும் பக்கத்தில் மட்டும் ஊதாவை அழுத்தினார், கறுப்பைத் தொடவேயில்லை, காயின் பளபளப்புக்கு வெள்ளைப் பென்சிலைத் தேடாமல், காகிதத்தின் வெண்மையையே பயறளவு விட்டுவைத்தார். அருகே ஒரு சிறுமி முதற்பூச்சிலேயே அழுத்தித் தேய்த்துவிட, மெழுகு காகிதத்தின் சொரசொரப்பை அடைத்து மினுங்கிற்று. அதன்மேல் அடுத்த நிறம் வழுக்கியதேயன்றி ஒட்டவில்லை. ஆசிரியர் வியாக்கியானம் எதுவும் செய்யவில்லை. அவள் கையருகே தம் கையை வைத்து, மறுபடியும் நிதானமாகப் போட்டுக் காட்டினார்.

"மெலஞ்ச் துணியாட்டம் இருக்குதுங்க சார்!" என்றாள் அவள். கறுப்புப் பஞ்சும் வெள்ளைப் பஞ்சும் கலந்து நூற்ற நூல், துணியாகையில் சாம்பல் நிறமாகத் தோன்றும் சூட்சுமத்தை, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் தாயிடமிருந்து அறிந்த குழந்தை, நிறத்தின்மேல் நிறம் ஏறி மூன்றாவதொரு நிறம் பிறப்பதை ஒரு கணத்தில் கிரகித்துவிட்டாள்.

விரல் எவ்வளவு அழுந்தவேண்டும் என்பதை எந்தப் புஸ்தகமும் சொல்லித்தர இயலாது. தேர்ந்த கையைப் பிரத்தியட்சமாகப் பார்த்தே பழகவேண்டும். சாயப்பட்டறையிலும் டேபிள் பிரிண்டிங்கிலும் இவ்வூர்க்காரர்கள் தொழில் பழகியது அவ்வாறுதான். பின்னலாடை வடிவமைப்பைப் போதிக்க நிஃப்ட்-டீ கல்லூரி இவ்வூரிலேயே இருக்கிறது. தையல்காரர் வீட்டுப் பெண் அதன் வாசற்படியை மிதிக்கவேண்டுமானால், அவள் படிக்கும் அரசுப் பள்ளிக்கு ஒரு முழுநேர ஓவிய ஆசிரியர் வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம். இந்த மாவட்டத்திலிருந்தேனும் அரசு அதைத் தொடங்கவேண்டும்.

அன்று மணி அடித்தது. ஆசிரியரின் அரைநாள் முடிந்துவிட்டது. கத்தரிக்காயின் காம்புக்குப் பச்சை தீட்ட எந்தப் பென்சிலை முதலில் எடுக்கவேண்டும் என்று அந்தச் சிறுமி கேட்டபோது, அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.