சூசோக் விடுமுறை: ஊருக்குப் போனவர்களும் பட்டறையில் நின்றவரும்

தென் கொரியா 2025 அக்டோபர் தொடக்கத்தில் ஒரு வாரம் கடையடைத்துவிட்டு ஊருக்குப் போனது. அறுவடைப் பெருநாளான சூசோக் அக்டோபர் 6-ஆம் தேதி வந்தது. 3-ஆம் தேதி நாட்டின் நிறுவன நாள், 5 முதல் 7 வரை சூசோக். அதில் ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்ததால் 8-ஆம் தேதி மாற்று விடுமுறை, 9-ஆம் தேதி ஹங்குல் நாள். நடுவில் வந்த சனிக்கிழமையையும் சேர்த்தால் தொடர்ந்து ஏழு நாள். 10-ஆம் தேதிக்கு ஒரு லீவு போட்டவர்களுக்குப் பத்து நாள்.

ஹங்குல் நாள் என்பது 1446-இல் மன்னர் செஜோங் அறிவித்த எழுத்துமுறைக்கான நாள். விடுமுறை அதிகமாகிவிட்டது என்று 1991-இல் அதைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்; 2013-இல் திரும்பச் சேர்த்தார்கள். எழுத்துக்கு ஒரு பொது விடுமுறை! தமிழ் படித்தவள் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அங்கே சுவோன் நகரில் முதுகலை படிக்கிறார் என் பல்கலைக்கழகத் தோழி, ஈப்போக்காரர். சூசோக் வந்தால் கொரிய மாணவர்கள் பெற்றோர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். முன்னோருக்குப் படையல், கல்லறையில் புல் வெட்டுதல், சொங்பியோன் என்ற அரிசி மாவுப் பலகாரம் என்று வீட்டில் வேலை இருக்கும். விடுதியில் மிஞ்சுவது வெளிநாட்டுப் பிள்ளைகள்தான். உணவுக்கூடமும் மூடியிருக்கும். எனவே அவர்களே கூட்டுச் சேர்ந்து எங்காவது கிளம்புகிறார்கள். நம் தோழியும் இந்தோனேசிய, வியட்நாமியத் தோழிகளும் பழைய சில்லா அரசின் தலைநகரான கியோங்ஜுவுக்குத் திட்டம் போட்டார்கள்.

ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை. பெருநாள் டிக்கெட்டுக்கு இணைய முன்பதிவு வாரக்கணக்கில் முன்பே திறக்கும். திறந்த வேகத்தில் நல்ல நேரத்து இருக்கைகள் போய்விடும். கடைசியில் பேருந்துதான். அரசாங்கம் சூசோக்கை ஒட்டி நான்கு நாளைக்கு விரைவுச்சாலைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்திருந்தது. டோல் இல்லை என்றால் சாலை எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லவேண்டியதில்லை. வழக்கமாக நான்கு மணி நேரப் பயணம், ஏழு மணி நேரம் ஆனதாம். "சியோலிலேயே இருந்திருக்கலாம். ஊரே காலி, அரண்மனைக்கும் இலவசமாக விடுகிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் புலம்பினார். ஆனால் புல் போர்த்திய குன்றுகள் போன்ற அரசர் கல்லறைகளின் முன் எடுத்த படங்கள் நாற்பதுக்கு மேல் வந்தன.

அந்தப் படங்களில் ஒருவர் இல்லை. இலங்கை ஹட்டன் பக்கத்துத் தமிழர், அங்கே தோழிக்கு அண்ணன் மாதிரி. அவரும் வருவதாகத்தான் பேச்சு. அவர் வேலை செய்யும் உலோகப் பட்டறையில் சூசோக் அன்று மட்டும்தான் விடுமுறை. மற்ற நாள்களில் வராவிட்டால் சம்பளம் இல்லை என்றார்களாம்.

இது முதலாளியின் தனிப்பட்ட கஞ்சத்தனம் என்று நானும் முதலில் நினைத்தேன். சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் இடங்களில் பொது விடுமுறைக்குச் சம்பளம் தரவேண்டும் என்பது 2022 ஜனவரியிலிருந்து விதி. ஐந்துக்குக் குறைந்தால் அந்தக் கடமை இல்லை; கூடுதல் நேரத்துக்கு உயர்த்திய சம்பளமும் ஆண்டு விடுப்பும்கூட இல்லை. அந்தப் பட்டறையில் மொத்தம் நான்கு பேர். விவசாயம், கால்நடை, மீன்பிடி என்றால் ஆள் எண்ணிக்கையே பேச்சில்லை. வேலை நேரம், ஓய்வு, விடுமுறை பற்றிய விதிகள் அங்கே பொருந்தாது.

இலங்கையர், நேபாளியர், இந்தோனேசியர் போன்றோரைக் கொரியா 2004-இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தில் எடுக்கிறது. உள்ளூர் ஆள் வராத சிறு தொழிற்சாலைக்கும் பண்ணைக்கும் படகுக்கும்தான் இவர்கள் போகிறார்கள். விதி விட்டுவிட்ட இடங்களும் பெரும்பாலும் அவைதான். பிடிக்கவில்லை என்று நினைத்தபடி வேலை மாறவும் முடியாது. அதற்கும் கட்டுப்பாடு உண்டு.

நம் நாட்டு 1955 வேலைவாய்ப்புச் சட்டம் ஆண்டுக்குக் குறைந்தது 11 பொது விடுமுறை தரச் சொல்கிறது. கடையில் எத்தனை பேர் என்று பார்ப்பதில்லை. பெருநாளில் மரம் வெட்டப் போனால் கூடுதல் சம்பளம் என்ற கணக்கு நம் தோட்டத்து மக்களுக்குத் தெரிந்ததுதான். சட்டத்தில் இருப்பது இங்கே எல்லார் கைக்கும் வருகிறதா என்பது வேறு விஷயம். கேட்பதற்கு ஒரு சட்டமாவது இருக்கிறது.

2025 ஜூனில் பதவிக்கு வந்த அதிபர் லீ ஜே மியுங்கின் அரசு, சிறு இடங்களுக்கும் தொழிலாளர் சட்டத்தைப் படிப்படியாக நீட்டிக்கப் போவதாகச் சொல்கிறது. சிறு வியாபாரிகள், செலவு தாங்காது என்கிறார்கள். நாலு பேரை வைத்து உணவுக் கடை நடத்துகிறவரின் பயம் பொய்யில்லை. ஆனாலும் அந்தச் செலவை இத்தனை காலம் தாங்கி வந்தது வேலைக்காரரின் சம்பளம்தான்.

2025 அக்டோபர் 20-ஆம் தேதி திங்கள்கிழமை தீபாவளி. தோழிக்கு அன்று காலை வகுப்பு, ஹட்டன் அண்ணனுக்குப் பட்டறை. அதனால் முதல் நாள் ஞாயிற்றுக்கிழமையே சேர்ந்து சமைப்பதாக முடிவு. முறுக்கு அச்சு ஈப்போவிலிருந்து தபாலில் போயிருக்கிறது.