நிற்பதற்கும் நேரம் ஒதுக்குவோம்

மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் மலைச்சாலையில், ரோத்தாங் கணவாய்க்கு அடியில் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. அதனால் பயணத் தொலைவில் 46 கிலோமீட்டரும், நேரத்தில் நான்கைந்து மணியும் மிச்சமாயின. அந்த நேரத்தை நாம் என்ன செய்கிறோம்? நம்மில் பலர் அதே நாளில் இன்னும் சற்றுத் தொலைவு ஓட்டுவதற்கே அதைச் செலவிடுகிறோம். கையில் நல்ல கேமரா இருக்கிறது. இறங்கி நின்று படம் எடுக்கத்தான் நேரம் இருப்பதில்லை.

இந்த அவசரத்துக்கு விலை உண்டு. ஓடும் காரின் கண்ணாடி வழியே எடுத்த படங்களில் மலையைவிட நம் முகத்தின் பிரதிபலிப்பே தெளிவாகத் தெரிகிறது. "ஒரே நிமிடம்" என்று கூறி வளைவில் வண்டியை நிறுத்துகிறோம். எதிரே வரும் லாரி ஓட்டுநருக்கு நாம் நிற்பது தெரியாது. நின்றதால் இழந்த நேரத்தை அடுத்த சரிவில் வேகத்தால் ஈடுகட்டவும் முயல்கிறோம். ஒரு படத்துக்காக உயிரையே பணயம் வைப்பது எவ்வகையிலும் தகாது.

புகைப்படத்துக்கான நேரத்தைப் பயணத் திட்டத்திலேயே எழுதிவைப்பதுதான் இதற்குத் தீர்வு என்பது என் கருத்து. செலவு போக மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று காத்திருப்பவரிடம் மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சாது. நேரமும் அப்படித்தான், முதலிலேயே எடுத்துவைக்க வேண்டும்.

லே சாலையையே எடுத்துக்கொள்வோம். காலையின் சாய்ந்த ஒளியில் மலையின் மடிப்புகள் துலங்கும். உச்சிவெயிலில் அவை தட்டையாகிவிடும். ஆனால் பனி உருகிச் சாலையின் குறுக்கே பாயும் ஓடைகள் பிற்பகலில் பெருகுவதால், ஓட்டுநர்களும் காலை நேரத்தையே நம்பியிருக்கிறார்கள். இரண்டுக்கும் இடம் தர வேண்டுமானால், ஒரு நாளில் கடக்கும் தொலைவைக் குறைப்பதே வழி. இரண்டு நாள் பயணத்தை மூன்றாக்கி, முதல் இரவைக் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ கழிக்கலாம். சுமார் 4,890 மீட்டர் உயரமுள்ள பாராலாச்சா கணவாயில் ஏறுமுன் மெல்லிய காற்றுக்குப் பழக உடலுக்கும் அவகாசம் கிடைக்கும்.

எங்கே நிற்பது என்பதையும் முன்பே முடிவு செய்யலாம். சந்திரா, பாகா ஆறுகள் கூடும் தாந்தி, பாகா தோன்றும் சூரஜ் தால் ஏரி என நாளுக்கு இரண்டு மூன்று இடங்கள், ஒவ்வொன்றிலும் இருபது நிமிடங்கள் போதும். சாலையை விட்டு விலகி நிறுத்த இடமுள்ள பகுதியாக அது இருக்க வேண்டும். வாடகை வண்டியானால் ஓட்டுநரிடம் முதல்நாள் இரவே சொல்லிவிடுவதும், கூடுதல் நாளுக்கான வாடகையையும் அவருடைய படியையும் கணக்கில் சேர்ப்பதும் நம் கடமை.

படம் எடுப்பவர் காட்சியைக் காண்பதில்லை என்று சிலர் குறை கூறுவர். அவசரமாக எடுப்பவருக்கு அது பொருந்தும். இருபது நிமிடம் கையில் உள்ளவர் முதல் ஐந்து நிமிடம் கேமராவைத் தொடாமல் பார்க்கலாம். முதியவர்களையும் குழந்தைகளையும் வண்டியிலிருந்து இறக்கிக் காட்டலாம். பிறகு எடுக்கும் படத்தில் அவர்களும் இருப்பார்கள்.

அடுத்த பயணத்துக்குக் கணக்குப் போடும்போது, எரிபொருள், தங்குமிடம், உணவு ஆகியவற்றுக்குக் கீழே 'நிற்கும் நேரம்' என்று ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.