1930இல் இரண்டு பயணங்கள்

1930 என்றால் நம் பாடநூல்களுக்கு உப்புதான். தண்டியில் காந்தி, வேதாரண்யத்தில் ராஜாஜி. ஒரு பிடி உப்பெடுத்தவர்களுக்கு நினைவுத்தூண் உண்டு. வெயிலில் பாத்தி மிதித்து, வாரிக் குவித்து, காலம் காலமாகத் தலைச்சுமையாகக் கரையேற்றியவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. மரக்காணம் அளங்களில் இன்றும் தலித்துகள் பலர் அந்த வேலையைத்தான் செய்கிறார்கள்.

அதே 1930இல் இன்னொரு பயணமும் நடந்தது. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். காங்கிரஸ் புறக்கணித்த மாநாடு; போனவர்களுக்கு 'வெள்ளையனுக்கு வால்பிடித்தவர்கள்' என்ற பெயர்தான் மிச்சம். பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இலேயே சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் அவர். அதே ஆண்டின் வைக்கம் நமக்குத் தெரியும், தெரிய வேண்டியதுதான். இது ஏன் தெரியவில்லை? ஊர்த்தெருவில் நடக்கும் உரிமை விடுதலை இல்லையென்றால் வேறெது விடுதலை?

வானூர் இன்று தனித்தொகுதி. அதன் வேர் 1932 பூனா ஒப்பந்தத்தில் இருக்கிறது. காந்தியின் உண்ணாவிரதத்துக்கு முன்னால் தனி வாக்காளர் தொகுதியை இழந்து, மாகாண சபைகளில் 71க்குப் பதில் 148 இடங்களை நம்மவர்கள் பெற்றார்கள். சீனிவாசனும் அதில் கையெழுத்திட்டார். அது இழப்பா, பேறா என்ற விவாதம் நமக்குள் ஓயவில்லை, ஓயவும் வேண்டாம்.

பாடநூலில் அவர் பெயரே இல்லை என்று சொல்லமாட்டோம். இருக்கிறது, சமூகச் சீர்திருத்தவாதிகள் பகுதியில். அவரை அங்கிருந்து எடுத்து, உப்புச் சத்தியாகிரகப் பாடத்துக்கு அடுத்த பக்கத்தில் வையுங்கள். தன் தொகுதி ஏன் தனித்தொகுதி என்பதை வானூர்ப் பிள்ளை அங்கேயே படிக்கட்டும்.