முதுகில் ஊசி, காதில் அடைப்பு: டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு கேள்வி

சிசேரியன் முடிந்து தாய்வீட்டுக்கு வரும் பெண்ணின் காதில் பஞ்சு வைப்பது சுரண்டை, தென்காசி பக்கம் பல வீடுகளில் பழக்கம். 'பச்ச உடம்பு, காத்து புகுந்துடும்' என்பார்கள். அந்த நேரத்தில் 'காது அடைச்ச மாதிரி இருக்கு' என்று அவர் சொன்னால், பஞ்சுதான் காரணம் என்று பேச்சு முடிந்துவிடும். ஆனால், முதுகில் போட்ட மயக்க ஊசியும் காரணமாக இருக்கலாம்.

முதுகுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு திரவம் இருக்கிறது. அதை மூடியிருக்கும் சவ்வைத் துளைத்துத்தான் ஸ்பைனல் மருந்தைச் செலுத்துவார்கள். சிலருக்கு அந்தத் துளை வழியே திரவம் கசிந்து அழுத்தம் குறையும். எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் நிம்மதி என்பது இதனால்தான். உள்காதின் திரவமும் மெல்லிய குழாய் ஒன்றால் இதோடு இணைந்திருக்கிறது. இங்கே அழுத்தம் இறங்கினால் அங்கேயும் இறங்கும். பெரும்பாலும் தாழ்ந்த, கனத்த ஒலிகள்தான் மங்கும். பேச்சு ஓரளவு கேட்பதால் பலர் கவனிப்பதே இல்லை.

பயப்படணுமா?

தேவையில்லை. பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். நிரந்தர பாதிப்பு மிக அரிது. மெல்லிய ஊசி, பென்சில் முனை ஊசி பயன்படுத்தினால் கசிவு குறையும். கசிவால் தலைவலி கடுமையாக நீடித்தால், நோயாளியின் ரத்தத்தையே முதுகில் செலுத்தித் துளையை அடைக்கும் சிகிச்சையும் உண்டு. இதற்காக ஸ்பைனலே வேண்டாம் என்று மறுக்க வேண்டாம்.

அப்போ என்னதான் பிரச்சினை?

1898-ல் ஸ்பைனலைத் தொடங்கிய ஜெர்மன் மருத்துவர் ஆகஸ்ட் பியருக்கே, அதைத் தன்மேல் சோதித்தபோது தலைவலி வந்தது. அதனால் தலைவலியைப் பற்றி டாக்டர்கள் விசாரிக்கிறார்கள். காதுக்கு அந்தக் கவனம் இல்லை. தமிழ்நாட்டில் 44.9% பிரசவங்கள் சிசேரியன் என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்பைனல்தான். ஹெர்னியா, கால் எலும்பு ஆபரேஷன்களுக்கும் இதே ஊசி போடுகிறார்கள்.

திடீரென்று காது கேட்காமல் போக வேறு காரணங்களும் உண்டு. அவற்றில் சிலவற்றுக்கு முதல் இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் பலன் அதிகம். 'தானா சரியாகும்' என்று காத்திருந்தால் அந்த நாட்கள் போய்விடும்.

எனவே டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி சேர்க்கட்டும்: 'காது அடைப்பு, இரைச்சல் உண்டா?' வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரும் இதைக் கேட்கட்டும். யாரும் கேட்கவில்லையா? பஞ்சை எடுத்துட்டு, ரெண்டு காதும் ஒரே மாதிரி கேட்குதான்னு பாருங்க. வித்தியாசம் தெரிஞ்சா அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிடுங்க.