அடைக்கோழி வீண் கோழியா?

முட்டை என்றாலே நாமக்கல் என்று சொல்லும் அளவுக்கு நமது பகுதி பெயர் பெற்றுவிட்டது. இங்குள்ள கூண்டுப் பண்ணைக் கோழி ஆண்டுக்கு 300 முட்டை வரை இடுகிறது. அது அடைக்கு உட்காருவதில்லை. அடை காக்கும் குணம் குறைந்த கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதால் வந்த பலன் அது. பண்ணைக்கு அது பொருத்தமே. ஆனால் அதே அளவுகோலைக் கொண்டு, புறக்கடையில் மேயும் நாலைந்து நாட்டுக்கோழிகளையும் அளப்பது சரியல்ல என்பது என் கருத்து.

ஓமலூர், சங்ககிரி, இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் கோழி அவயத்துக்கு வந்துவிட்டால், "இனி முட்டை போச்சு" என்று அதைத் தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகைச் செருகுவதும் இன்றும் நடக்கிறது. இது கோழிக்கு வேதனை தருமே ஒழிய, நம்பத்தகுந்த முறை அல்ல. முட்டையின் தொடுதலும் கூட்டின் கதகதப்பும் சேர்ந்து கோழியின் உடலில் அடைக்குரிய சுரப்பு நீரைப் பெருக்குகின்றன. அதனால்தான் முட்டை நிற்கிறது. அடையைக் கலைக்க விரும்பினால், அடியில் காற்றோட்டமுள்ள கம்பிக் கூண்டிலோ மூங்கில் தட்டியிலோ, வைக்கோல் போடாமல், தீனியும் தண்ணீரும் கொடுத்து நாலைந்து நாள் வைத்தால் போதும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் மறுபடி முட்டைக்கு வரும்.

அடை வைப்பதா, கலைப்பதா என்பதைக் கோழி உட்கார்ந்த ஓரிரு நாளிலேயே முடிவு செய்ய வேண்டும். இரண்டும் இல்லாமல் வெறுங்கூட்டில் பதினைந்து நாள் உட்கார விடுவதுதான் உண்மையான நஷ்டம்.

கணக்கைப் பார்ப்போம். நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டையிட 15 முதல் 20 நாள். அடை 21 நாள். குஞ்சு வளர்க்க ஏறக்குறைய இரண்டு மாதம். ஆக ஒரு சுற்றுக்கு 100 நாள். பத்துக் குஞ்சு பொரித்து எட்டுத் தேறினாலும் 100 நாள்தான். இரண்டு தேறினாலும் 100 நாள்தான். எனவே நஷ்டம் அடையில் இல்லை. பொரித்த நாளுக்கும், குஞ்சு மந்தையோடு சேரும் நாளுக்கும் இடையில் இருக்கிறது. பருந்து, காகம், கீரி, வெள்ளைக்கழிச்சல், மற்றக் கோழிகளின் கொத்து என எல்லாம் இந்த இடைவெளியில்தான் வருகின்றன. வீட்டுத் தாய்மார்களின் கைச்செலவுப் பணமும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகப் பணமும் போவது இந்த இடத்தில்தான்.

முதலில் முட்டையைக் கவனியுங்கள். அடைமுட்டையோடு இரும்புத் துண்டும் வரமிளகாயும் கரியும் வைப்பது வழக்கம். அதை வைப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். அந்தக் கரியால் ஒவ்வொரு முட்டையின் மீதும் இட்ட தேதியைக் குறித்துவிட்டால் அதிக உபயோகம். பத்து நாளுக்கு மேற்பட்ட முட்டை சரியாகப் பொரியாது. சேலம் வெயிலில் அறையில் கிடக்கும் முட்டையில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிப் பின் இறந்துவிடும். கூமுட்டை பெருகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஈரமணல் மேல் வைத்த மண்சட்டியில், நிழலில் முட்டையைச் சேருங்கள். பங்குனி, சித்திரையில் அடை வைப்பதைக் குறைத்து, பொரிப்பு தை, மாசியில் வரும்படி பார்த்துக்கொள்வது நல்லது. ஏழாம் நாள் இருட்டில் டார்ச் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு கூடியிருக்கிறது. தெளிவாகத் தெரிவதை எடுத்துவிடுங்கள். அடைக்கோழியைத் தினமும் ஒருமுறை இறக்கி, தானியமும் தண்ணீரும் கொடுத்து, மண்ணில் புரள விடுங்கள். இல்லாவிடில் பேன் தொல்லையால் அது கூட்டை விட்டே எழுந்துவிடும்.

நான் வற்புறுத்துவது, இரண்டு கோழிகளை ஒரே நாளில் அடை வையுங்கள் என்பதே. பொரித்த ஓரிரு நாளுக்குள், இரவு நேரத்தில் எல்லாக் குஞ்சுகளையும் ஒரு தாயிடம் சேர்த்துவிடலாம். நல்ல உடற்கட்டுள்ள கோழி பதினைந்து குஞ்சு வரை அணைக்கும். மற்றக் கோழி விரைவில் முட்டைக்குத் திரும்பும். வயது வேறுபட்ட குஞ்சுகளை மட்டும் கலக்கக் கூடாது. தாய் கொத்திவிடும்.

தெருவில் ஐந்தாறு வீட்டார் பேசிவைத்து ஒரே வாரத்தில் அடை வைத்தால் இன்னொரு நன்மை உண்டு. வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்துக் குப்பி ஒன்று நூறு குஞ்சுகளுக்கோ அதற்கு மேலுமோ வரும். கரைத்தபின் ஓரிரு மணி நேரத்தில் உபயோகித்துவிட வேண்டும். எட்டுக் குஞ்சுக்காக யார் குப்பியை உடைப்பார்கள்? ஊர் சேர்ந்தால் உடைக்கலாம். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஊசி. இந்த இரண்டையும் தவறவிடாதீர்கள். மருந்தைக் கால்நடை மருந்தகத்திலிருந்து பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும்.

இனி மந்தையில் சேர்க்கும் முறை. பொரித்த மறுநாளே தாயையும் குஞ்சுகளையும் களத்தில் விட்டுவிடுவது நம் பழக்கம். அதை மாற்ற வேண்டும். முதல் பத்து நாள் தாயும் குஞ்சும் பஞ்சாரத்துக்குள் இருக்கட்டும். அதை மற்றக் கோழிகள் மேயும் இடத்திலேயே, நிழலில் கவிழ்த்து வையுங்கள். அவை குஞ்சுகளைப் பார்த்துப் பழகும்; கொத்த முடியாது. அரிசிக் குருணை, உடைத்த கம்பு, கறையான் கொடுக்கலாம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டால் குஞ்சு மூழ்காது. அடுத்த பத்து நாள், மாலையில் ஒரு மணி நேரம் உங்கள் கண்பார்வையில் தாயுடன் விடுங்கள். பிறகு படிப்படியாக நேரத்தைக் கூட்டுங்கள். குஞ்சு மட்டும் நுழையும் இடைவெளியுள்ள மூங்கில் தட்டியடைப்பு ஒன்றைச் செய்து, அதற்குள் குஞ்சுத் தீனியை வையுங்கள். பெரிய கோழி விரட்டினால் ஓடி ஒளிய அதுவே இடம்.

இரண்டு மாத அளவில் தாயே குஞ்சுகளைக் கொத்தி விலக்கும். அப்போது குஞ்சுகள் மந்தையில் கடைசி இடத்தில் நிற்கும். தீனித் தட்டு ஒன்றே இருந்தால் அவை பட்டினிதான். இரண்டு மூன்று இடத்தில் தட்டு வையுங்கள்.

பொரிப்பகத்தில் வாங்கும் குஞ்சுக்கும், அரசுத் திட்டங்களில் கிடைக்கும் குஞ்சுக்கும் பரிந்து வரத் தாய் இல்லை. எனவே பழக்கும் பொறுப்பு முழுவதும் நம்முடையது. சந்தையிலிருந்து வரும் எந்தக் கோழியையும் இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மந்தையில் விட வேண்டும்.

விரிவாக்கப் பணியில் இருக்கும் எங்களுக்கும் ஒரு வார்த்தை. எத்தனை குஞ்சு கொடுத்தோம், எத்தனை பொரித்தது என்று கணக்கெழுதிப் பயனில்லை. எட்டு வாரம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கிறது என்பதே கணக்கு. விவசாயப் பெருமக்களும் தம் வீட்டுச் சுவரில் அந்த எண்ணையே எழுதி வையுங்கள். அந்த எண் உயர்ந்தால், அடைக்கோழி வீண் கோழி என்ற பேச்சு தானே அடங்கும்.