இரண்டாம் நகர்விலேயே எஃப்5

வெள்ளை ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் போகிறது. கறுப்பும் அதையே செய்கிறது. வெள்ளைக் குதிரை வெளியே வந்து கறுப்புச் சிப்பாயைக் குறிவைக்கிறது. இந்த இடத்தில் பெரும்பாலோர் அந்தச் சிப்பாய்க்குக் காவல் போடுவார்கள், இல்லையென்றால் குதிரையை எடுத்து வெள்ளையின் சிப்பாயைத் திருப்பித் தாக்குவார்கள். லாட்வியன் கேம்பிட் ஆடுகிறவர் எஃப் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிடுகிறார். அவர் சிப்பாய் காவலின்றி நிற்கிறது. போதாததற்கு அவருடைய ராஜாவை நோக்கி ஒரு மூலைக்கோடும் திறந்துவிட்டது.

பார்த்தாலே கை துறுதுறுக்கும் நகர்வு. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியர் கிரேக்கோ குறித்து வைத்தது. பிறகு லாட்வியாவின் கார்லிஸ் பெட்டின்ஸும் அவர் ஊர்க்காரர்களும் துருவித் துருவி ஆராய்ந்ததால் நாட்டின் பெயரே ஒட்டிக்கொண்டது. 1955இல் அமெரிக்க ஜூனியர் போட்டியில் 12 வயது பாபி ஃபிஷரை இதே ஆட்டத்தில் தோற்கடித்தார் விக்டர் புபோல்ஸ். அவரும் லாட்வியாவில் பிறந்தவர்தான். ஆனால் பெரிய போட்டிகளில் இன்று இதை யாரும் தொடுவதில்லை. கணினியைக் கேட்டால், மூன்றாவது நகர்வுக்கு முன்பே வெள்ளைக்கு ஒரு சிப்பாயையும் தாண்டிய சாதகம் என்கிறது.

என் அண்ணன் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஃபிஷர் தோற்ற கதையைப் படித்ததிலிருந்து அவளுக்கு இதே நினைப்பு. "சித்தப்பா, ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்ட்ல கறுப்பு வந்தா லாட்வியன் ஆடட்டுமா? எதிர்ல இருக்கிறவங்க முழிச்சிடுவாங்கல்ல?"

முழிப்பார்கள்தான். முழித்தவர்களின் ஆட்டங்களையே அவள் பார்த்திருந்தாள் என்பதுதான் என் கவலை. இப்படிப்பட்ட ஓபனிங்குக்காரர்கள் சேர்த்து வைப்பதெல்லாம் ஜெயித்த ஆட்டங்கள். ராணி மூலைவரை போய் யானையை அடித்தது, எதிரி இருபதே நகர்வில் கை கொடுத்தது என்று அவை படிக்க ருசியாக இருக்கும். முடிவெடுக்க அவை போதாது. எதிரே இருப்பவர் சரியாக ஆடினால் நாம் எங்கே போய் நிற்போம் என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த நிலையை ஆட நமக்கு விருப்பமிருந்தால் ஓபனிங்கை எடுக்கலாம். எதிரிக்குத் தெரிந்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு ஆட வேண்டியிருந்தால் விட்டுவிடலாம்.

அதனால் பலகையில் காய்களை அடுக்கி, வெள்ளைக்குச் சிறந்த வழியை ஆடிக் காட்டினேன். குதிரை சிப்பாயை அடிக்கிறது, கறுப்பு ராணி எஃப்6க்கு வருகிறது, வெள்ளை நடுச்சிப்பாய் டி4, கறுப்புச் சிப்பாய் டி6க்கு வந்து குதிரையை விரட்டுகிறது, குதிரை சி4க்குப் பின்வாங்குகிறது. கறுப்பு இ4இல் சிப்பாயை அடித்ததும் இரண்டாவது குதிரையும் வருகிறது. ராணி ஜி6க்கு ஒதுங்குகிறது. ஏழாவது நகர்வில் வெள்ளை எஃப்3. கறுப்பு அதை அடிக்க, வெள்ளை ராணி திருப்பி அடிக்கிறது.

இங்கே நிறுத்தி, "எண்ணிப் பார்" என்றேன். ஆளுக்கு ஆறு சிப்பாய். கணக்கில் குறைவே இல்லை. ஆனால் வெள்ளைக்கு இரண்டு குதிரையும் ராணியும் களத்தில் நிற்கின்றன, இரண்டு மந்திரிகளுக்கும் வழி திறந்திருக்கிறது, கேஸ்லிங் செய்தால் யானை நேராக எஃப் வரிசைக்கு வந்துவிடும். கறுப்புக்கு ராணி மட்டும் வெளியே. குதிரை, மந்திரி, யானை எல்லாம் ஆட்டம் தொடங்கியபோது இருந்த கட்டத்திலேயே இருக்கின்றன. இந்த நிலையில் மூன்று மணி நேரம் உட்காரச் சம்மதமா என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் பலகையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அரிதான ஓபனிங் எல்லாமே ஆபத்தானது என்று நான் சொல்லவில்லை. 1980இல் ஸ்வீடனின் ஸ்காரா நகரில் உலக சாம்பியன் கார்ப்போவுக்கு எதிராக இங்கிலாந்தின் டோனி மைல்ஸ் முதல் நகர்வாக ஓரத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினார். அடுத்து பக்கத்துச் சிப்பாய் இரண்டு கட்டம். தொடக்கநிலை மாணவன் ஆடினால் பயிற்சியாளர் திட்டுவார். மைல்ஸ் ஜெயித்தார். அந்த நகர்வுகளில் அவர் எந்தக் காயையும் விட்டுக்கொடுக்கவில்லை, ராஜாவின் பக்கத்தைத் தொடவே இல்லை. பார்க்க விசித்திரம், அவ்வளவுதான். இ4, இ5 ஆடிப் பழகிய நினைவெல்லாம் கார்ப்போவுக்குப் பயன்படாமல் போயிற்று. லாட்வியனின் விசித்திரம் அப்படி இல்லை. ராஜாவின் பாதுகாப்பையே பணயம் வைக்கிறது.

இன்னொரு மைல்ஸ் கதை ஆனந்தைத் தொடுகிறது. 1987இல் மைல்ஸுக்கு எதிராக அமெரிக்காவின் லாரி கிறிஸ்டியன்சென் பெட்ராஃப் ஓபனிங்கின் ஐந்தாவது நகர்வில் மந்திரியை எஃப்5க்கு எடுத்தார். அதில் இருந்த ஓட்டையை மைல்ஸ் பயன்படுத்திக்கொள்ளவில்லை, ஆட்டம் டிராவானது. அடுத்த ஆண்டு பீல் நகரில் 18 வயது ஆனந்த் அதே நகர்வை ஆடினார். எதிரே இருந்த கொலம்பியாவின் ஸபாட்டா ராணியை இ2க்கு ஒரு கட்டம் நகர்த்தினார். கறுப்புக் குதிரைக்கு நேர் பின்னால் அதன் ராஜா நிற்பதால் குதிரை நகர முடியாது. எப்படிப் பார்த்தாலும் ஒரு காய் போய்விடும். ஆனந்த் அங்கேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். கிராண்ட்மாஸ்டர்கள் ஆடி முடித்த வழிதானே என்று நம்பி எடுத்தால், அதை யாரும் சரிபார்க்காமலே விட்டிருக்கக்கூடும்.

அதே ஆனந்த் 2008இல் பான் நகரில் கிராம்னிக்குடன் உலகப் பட்டத்துக்கு ஆடியபோது, மூன்றாம் ஆட்டத்தில் மெரான் ஓபனிங்கின் மிகக் கூர்மையான ஒரு லைனைக் கறுப்புக் காய்களில் எடுத்து ஜெயித்தார். ஐந்தாம் ஆட்டத்தில் திரும்பவும் அதையே எடுத்தார். இடையில் கிராம்னிக்கும் அவர் குழுவும் அதை அலசியிருப்பார்கள், ஆச்சரியமெல்லாம் தீர்ந்துபோயிருக்கும். ஆனாலும் ஆனந்துக்குத்தான் வெற்றி. எனக்கு அந்தப் போட்டியில் மிகப் பிடித்தது மூன்றாம் ஆட்டத்தைவிட இந்த ஐந்தாம் ஆட்டம்தான். எதிரி தயாராக வந்தாலும் நிற்கும் என்று தெரிந்து எடுத்த ஆபத்து அது.

அவளிடம் நான் சொன்னது: பத்து நிமிட ஆட்டத்தில் லாட்வியனைத் தாராளமாக ஆடு. எஃப்3 என்ற நகர்வைத் தேட அங்கே எவருக்கும் நேரம் இருக்காது, நீயும் தாக்கி ஆடக் கற்றுக்கொள்வாய். ஒன்றரை மணி நேர ஆட்டத்தில் எதிரி யோசித்தே கண்டுபிடித்துவிடுவார், அங்கே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு பெட்ராஃப் என்று முடிவாகியிருக்கிறது. ஐந்தாவது நகர்வில் மந்திரி எஃப்5க்குப் போகாது. ஆனால் லாட்வியனை அவள் விடவில்லை. நேற்று இரவு ஃபோன் செய்து, அந்த எஃப்3 நிலையில் ராணிப் பக்கக் குதிரையை சி6க்கு எடுத்து டி4 சிப்பாயைத் தாக்கலாம் என்றாள். வெள்ளை மந்திரி டி3க்கு வந்து ராணியை விரட்டுமே என்றேன். ராணியை ஜி4இல் வைத்து, ராணிக்கு ராணி மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்பாளாம். வெள்ளை ராணி இ3க்கு விலகி செக் வைக்கும். அதற்குப் பிறகு கறுப்புக்கு என்ன இருக்கிறது என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.