எத்தனை கை மாறிச்சு மக்கா?

ஹாஸ்டல் மெஸ்ஸுல இப்பல்லாம் கிரிக்கெட் ஸ்கோரை விட ஷேர் ரேட்டுதான் அதிகமா ஓடுது. 'மச்சி, இந்த ஷேர் ஒரே நாள்ல பத்து பர்சன்ட் ஏறிடுச்சு... செமஸ்டர் ஃபீஸைப் போட்டுடவா?'ன்னு ஒருத்தன் கேட்டா, நீங்க திருப்பிக் கேட்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: 'எத்தனை ஷேர்டா கை மாறிச்சு?'

புரியலையா? திரேஸ்புரம் மீன் ஏலத்துக்கு வாங்க. ஒரே ஒரு கூடை சீலாவை, வீட்டு விசேஷ அவசரத்துல ஒருத்தர் டபுள் ரேட்டுக்கு எடுத்துட்டுப் போறார்னு வைங்க. அதுவா அன்னிக்கு மார்க்கெட் ரேட்டு? ஐம்பது கூடை அதே ரேட்டுக்குப் போனாத்தான், லாரியில ஏத்துற வியாபாரியில இருந்து தெருவுல விக்கிற அக்கா வரைக்கும் அந்த விலையை ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். அந்த ஐம்பதுதான் வால்யூம்!

நம்மூர் ஷேரையே எடுத்துக்கங்க. 1921-ல் நாடார் வங்கியா ஆரம்பிச்சு, 1962-ல் பேர் மாறின தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க். ஹெட் ஆபீஸ் தூத்துக்குடியேதான். நூறு வருஷம் தாண்டியும் அந்த ஷேர் எந்த எக்ஸ்சேஞ்சுலயும் லிஸ்ட் ஆகலை. வேணும்னா, வச்சிருக்கிறவங்களைத் தேடிப் பிடிக்கணும். ஆளாளுக்கு ஒரு ரேட்டு சொல்வாங்க. அந்த ரேட்டுக்கு நேத்து எத்தனை ஷேர் போச்சுன்னு பாக்க ஒரு போர்டு கிடையாது. 2022 செப்டம்பர் 15-ம் தேதி லிஸ்ட் ஆச்சு. 510 ரூபாய்க்குக் கொடுத்த ஷேர், பி.எஸ்.இ.யில 510-க்கும் என்.எஸ்.இ.யில 495-க்கும் ஓபன் ஆச்சு. ஒரே காலை, ஒரே ஷேர், ரெண்டு விலை! இந்த மாதிரி நேரத்துல எந்தப் பக்கம் அதிக ஷேர் கை மாறுதோ, அந்த விலைக்குத்தான் மரியாதை.

விலையோட வால்யூமும் வழக்கத்தை விட ஏறினா, ஏத்தத்துக்குப் பின்னால ஆள் இருக்கு. வால்யூம் வத்திப்போயி விலை மட்டும் ஏறினா, கொஞ்சம் நில்லுங்க. ஜோசஃப் கிரான்வில்னு ஒரு அமெரிக்கர் 1963-லயே இதைக் கணக்காக்கிட்டார். விலை ஏறின நாள் வால்யூமைக் கூட்டு, இறங்கின நாளோடதைக் கழி. அவ்ளோதான். (நம்ம முதல் செமஸ்டர் சி புரோகிராம் இதை விடக் கஷ்டம்!)

ஆனா ஒரு வில்லங்கம் இருக்கு பாஸ். கூட்டத்தையே செட்டப் பண்ணலாம். கேதன் பரேக்னு ஒரு மும்பை புரோக்கர்... அவரோட ஃபேவரைட் ஷேர்களுக்கு 'கே-10'னே பேர். நம்ம சென்னையோட பென்டாமீடியா கிராஃபிக்ஸும் அதுல உண்டு. அவருக்கு வேண்டியவங்களே மாத்தி மாத்தி வாங்கி, வித்து, வால்யூமைப் பொங்க வச்சாங்க. வெளியில இருந்து பாத்தவங்களுக்கு ஊரே வாங்குற மாதிரி தெரிஞ்சுது. 2001 மார்ச்ல அவர் அரெஸ்ட். 2003-ல் செபி 14 வருஷம் தடை போட்டுச்சு. அதுக்குள்ள ரேட்டெல்லாம் விழுந்து, கடைசியா வாங்கினவங்க கையில வெறும் பேப்பர்தான்.

அதனால வால்யூமுக்குப் பக்கத்துலயே 'டெலிவரி'ன்னு ஒரு நம்பர் இருக்கும், அதையும் பாருங்க. பத்து லட்சம் ஷேர் கை மாறி, டெலிவரி ஒரு லட்சம்தான்னா, மிச்சம் ஒன்பது லட்சம் காலையில வாங்கி சாயந்திரத்துக்குள்ள வித்த கணக்கு. வீட்டுக்கு ஷேரை எடுத்துட்டுப் போனவங்க ரொம்பக் கம்மி. (டெலிவரி எடுத்தும் டிராமா போட முடியும், ஆனா அதுக்கு முழுப் பணம் கட்டணும்.) என்.எஸ்.இ. இந்தக் கணக்கை தினமும் ஃப்ரீயா வெளியிடுது. முதல்ல பைசா போடாம, ஒரே ஒரு ஷேருக்கு இருபது நாள் விலை, வால்யூம், டெலிவரி மூணையும் ரஃப் நோட்டுல எழுதிட்டு வாங்க. செமஸ்டர் ஃபீஸுக்கு லாஸ்ட் டேட் எப்போன்னும் பக்கத்துலயே குறிச்சு வச்சுக்கங்க!